மத்தேயு சுவிசேஷத்தை மத்தேயுதான் எழுதினாரா?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளைப் பக்கம் மத்தாயி, மர்க்கோஸ், லூக்கோஸ் (மத்தேயு, மாற்கு, லூக்கா) என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதனால் இந்தக் கேள்வி எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

முதலில் தலைப்பைப் பாருங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் 'எழுதின' என்ற சொல்லே கிடையாது. 'மத்தேயுவின்படி' என்றுதான் இருக்கிறது. அந்தத் தலைப்பும் பிறகு சேர்க்கப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களிலும் ஆசிரியர் தன் பெயரைச் சொல்வதில்லை. நான்கு பெயர்களையும் ஒருசேரத் தெளிவாகச் சொல்பவர் இரேனியு என்ற பிஷப், ஏறக்குறைய கி.பி. 180-இல்.

மத்தேயு 9:9-ஐ வாசியுங்கள். ஆயத்துறையில் (வரி வசூலிக்கும் இடம், நம்ம ஊர்ச் செக்போஸ்ட் மாதிரிதான்) உட்கார்ந்திருந்த 'மத்தேயு என்னும் ஒரு மனுஷன்' என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் வருகிறது. அதைவிட வலுவான காரணம், மாற்குவில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் மத்தேயுவிலும் இருக்கிறது, பல இடங்களில் சொல்லுக்குச் சொல். இயேசுவின் கூடவே இருந்து கண்ணால் கண்ட சீடர், சீடரல்லாத மாற்குவைப் பார்த்து ஏன் எழுத வேண்டும்?

மாற்கு, இயேசுவின் சீடரான பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பப்பியா என்ற பிஷப் சொன்னதாக, சபை வரலாற்றை எழுதிய யூசேபியு எழுதிவைத்திருக்கிறார். இதை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். லூக்கா விசாரித்து எழுதியதாகத் தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். யோவான் 21:24-இல் சீடரின் சாட்சி மெய்யென்று 'அறிந்திருக்கிறோம்' எனப் பன்மை வருகிறது. சீடரின் சாட்சியை ஒரு குழு தொகுத்ததாகவே எனக்குப் படுகிறது.

காலம்: மாற்கு கி.பி. 70-ஐ ஒட்டி, மற்றவை அதற்குப் பின், நூற்றாண்டின் இறுதிக்குள் என்பது பரவலான கணிப்பு.