4 அடி அகல பாத்ரூமில் தரை தெரியட்டும்

கேள்வி: தேவிபட்டினத்தில் எங்கள் பழைய வீட்டை ஒட்டியிருந்த சந்துப் பாதையை அடைத்து, 4 அடி அகலம், 9 அடி நீளத்தில் பாத்ரூம் கட்டினோம். உள்ளே நின்றால் மூச்சு முட்டுகிறது. கருநீல டைல்ஸும், குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். மாமியாருக்கு 70 வயது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பாத்ரூம் அவ்வளவு சின்னது இல்லை. கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உங்களுடையது 3.3 சதுர மீட்டர். இடம் இருக்கிறது, தரைதான் கண்ணில் படவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் கதவைத் திறந்ததும் நிற்பது நல்ல தண்ணி பிடித்து வைக்கும் நீல டிரம். பக்கத்தில் இரண்டு வாளி, அப்புறம் கால் வைத்த வாஷ்பேசின். நம் கரையில் டிரம்மைக் குறை சொல்ல முடியாது. உப்புத்தண்ணியில் குளித்துவிட்டுக் கடைசியில் இரண்டு சொம்பு நல்ல தண்ணி ஊற்றினால்தான் பிசுபிசுப்பு போகும். ஆனால் டிரம் பின்கட்டில் இருக்கலாமே. அதிலிருந்து சின்ன மோட்டாரில் மாடியில் ஒரு 200 லிட்டர் தொட்டிக்கு ஏற்றி, தனிக் குழாயாக உள்ளே இறக்குங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி நெரிசல் தீரும்.

வாஷ்பேசினைச் சுவரில் மாட்டும் குறுகலான வகையாக மாற்றுங்கள். சோப்பு, ஷாம்பூவுக்கு ஸ்டாண்ட் வேண்டாம், சுவரிலேயே 4 அங்குல ஆழத்தில் மாடக்குழி விடலாம். அதைப் புதிதாகக் கட்டிய செங்கல் சுவரில் மட்டும் செய்யுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் அதைக் குடையவே கூடாது, சுவரில் தொங்கும் டாய்லெட்டையும் அதில் மாட்டக் கூடாது. டாய்லெட் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கழிவுக் குழாயை நகர்த்தும் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். மண்டபத்தில் ஒரு வீட்டுக்கு நானே போட்டுக் கொடுத்து, பிறகு கழற்றியிருக்கிறேன். உப்புத்தண்ணி தெறித்துக் காய்ந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாக நின்றது. தினமும் துடைக்காவிட்டால் சில வாரங்களில் கண்ணாடி மங்கி, குறுக்கே ஒரு சுவர் எழுப்பியது போல் ஆகிவிடுகிறது. கருநீல டைல்ஸிலும் இதே கறைதான் முதலில் தெரியும். ஈர மணல் நிறத்தில், வழுக்காத மேட் டைல்ஸைக் கதவிலிருந்து கடைசிச் சுவர் வரை ஒரே மாதிரி போடுங்கள். 2 அடிக்கு 1 அடி டைல்ஸ் என்றால், அதன் நீளப் பக்கம் அறையின் அகலவாக்கில் வரட்டும். டைல்ஸ் இடுக்குகளை அடைக்க அதே நிறத்தில் எபாக்சி கிரவுட் என்ற பூச்சுக் கலவை. கோடுகள் மறைந்தால் தரை ஒரே விரிப்பாகத் தெரியும்.

முகம் பார்க்கும் கண்ணாடியை நீளச் சுவரில் பெரிதாக வையுங்கள், அகலம் இரட்டிப்பாகத் தோன்றும். உப்புக்காற்றில் அதன் ஓரம் கறுத்துக்கொண்டே உள்ளே ஏறும், அதனால் ஓரம் முழுக்க சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். டவல் கம்பி, கொக்கி எல்லாம் 316 ரக ஸ்டீலில் வாங்குங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். கடைகளில் அதிகம் தருவது 304, அது கடலோரத்தில் துருப்புள்ளி விட்டுவிடும்.

வெளிச்சம் எதிர்ச்சுவரில் உயரமான ஒரு வென்டிலேட்டர் வழியாக வந்தால், கதவைத் திறந்ததும் கண் நேரே அங்கே போகும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இதை இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாமியார் உள்ளே வழுக்கிக் கதவுக்குக் குறுக்கே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கும் வகையாக இருக்கட்டும். குளிக்கும் இடத்தில் திண்டு கட்டாதீர்கள், கால் இடறும். அடிக்குக் கால் அங்குல வாட்டம் போதும். கொத்தனார் ரசமட்டம் வைத்து வாட்டம் விட்டு, அது இறுகியதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீங்களே ஒரு வாளித் தண்ணியை ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது தேங்கினால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.