ஏழு வயது மகளுக்கு மார்பு அரும்புவதற்குக் கிணற்று நீரா காரணம்?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. சென்ற மாதம் குளிக்க வார்க்கும்போது இடது மார்புக் காம்பின் கீழ் நெல்லி விதையளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கணவர் வெங்காயத் தோட்டம் செய்கிறார். எங்கள் கிணறும் தோட்டத்துக்குள்தான் இருக்கிறது. நீர் வடிகட்டும் இயந்திரம் விற்க வந்த ஒருவர் எங்கள் கிணற்று நீரைச் சோதித்துக் காட்டினார். சில நிமிடங்களில் அது செம்மண் கரைத்தது போலாகிவிட்டது. ஓமோனைப் போன்ற நஞ்சு இந்த நீரில் இருக்கிறது, பிள்ளைக்கு இப்படி வந்தது அதனால்தான் என்றார். இயந்திரத்தின் விலை ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. அயலவர்களோ கோழி இறைச்சியையும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியையும் குறை சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது இயந்திரத்தை வாங்கட்டுமா? (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: இயந்திரத்தை வாங்க வேண்டாம், நகையை அடகு வைக்கவும் வேண்டாம். இந்த மாதம் முடிவதற்குள் மகளைக் குழந்தைநல வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு எட்டு வயது நிறைவதற்கு முன் மார்பு அரும்பினால் காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் துறையின் வரையறை. ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்குவதும், தொட்டால் நோவதும் இயல்பானவை. அதைப் பிசைந்து பார்ப்பதையும் எண்ணெய் பூசி உருவுவதையும் நிறுத்துங்கள். மார்பு அரும்பிய பின் பிள்ளை பூப்படையப் பொதுவாக இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் செல்லும் என்பதால், நாளைக்கே சாமத்திய வீடு வைக்க வேண்டி வருமோ என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் எட்டு வயதாக இன்னும் எட்டு மாதங்கள்தானே இருக்கின்றன, பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடவும் கூடாது. தலையிடி, விடியற்காலை வாந்தி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால், கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே காட்சியைப் பார்த்துவிட்டுக் கடன்பட்ட பெற்றோரை நான் பல முறை சந்தித்திருக்கிறேன். விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்திருப்பார். ஒன்றில் உங்கள் கிணற்று நீர், மற்றதில் இயந்திரத்தில் வடித்த நீர். இரண்டிலும் சோடி சோடியாக உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்துவார். உப்புக் கரைந்துள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். அப்போது இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து துருவாகி நீரில் கலக்கும். நீங்கள் பார்த்த செம்மண் நிறம் அந்தத் துருவின் நிறமே தவிர, கிணற்றிலிருந்து வந்ததன்று. வடித்த நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, நிறமும் மாறாது. வலிகாமத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்கி வருவது. அதில் கல்சியம் இயல்பாகவே அதிகம் என்பதை, நீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் படியும் வெண்மையான படிவு உங்களுக்குத் தினமும் காட்டுகிறது. அதனால்தான் இந்த வித்தை எங்கள் ஊரில் இவ்வளவு எளிதாகப் பலிக்கிறது. அவர் மீண்டும் வந்தால், வடித்த நீருள்ள குவளைக்குள் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் செம்மண் நிறமாக மாறும்.

ஓமோனைப் போல நடந்துகொள்ளும் இரசாயனங்கள் நீரில் இருந்தாலும் அவற்றுக்கு நிறமோ மணமோ தெரியாது. பெரிய ஆய்வுகூடங்களின் கருவிகளால் மட்டுமே அவற்றை அளக்க முடியும்; வீட்டு விறாந்தையில் வைத்து ஒருவராலும் காட்ட முடியாது. மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அந்தப் பயம் மாறாத மக்களின் முற்றத்தில் நின்றுகொண்டு இந்தக் குவளைகளைக் காட்டுவது கொடுமை.

உங்கள் கிணற்றில் சோதிக்க வேண்டியது நைத்திரேற்று. யூரியாவும் மலசலகூடக் குழிகளும் நிறைந்த எங்கள் மண்ணில் அந்தச் சோதனைக்குத் தேவை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடும். அது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான பொருளே ஒழிய, மார்பை அரும்பச் செய்யும் பொருள் அன்று.

இதைப் படித்துவிட்டு, ஓமோனைப் போன்ற இரசாயனங்கள் என்பதே கட்டுக்கதை என்று எண்ணிவிடாதீர்கள். ஓமோன்கள் நம் உடலில் மிகமிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. உங்கள் மகளின் வயதில் ஈஸ்ட்ரஜன் என்னும் பெண்மை ஓமோன் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு கிராமின் இலட்சம் கோடியில் சில பங்கு அளவே இருக்கும். அதனால், வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் அதைப் போலச் சிறிதளவு நடித்தாலும் உடல் ஏமாறக்கூடும். பொஸ்ரன் நகரில் அனா சோட்டோ, கார்லோஸ் சொனன்ஷைன் என்ற ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க் கலங்களை வளர்த்துக்கொண்டிருந்தபோது, ஈஸ்ட்ரஜன் சேர்க்காத குழாய்களிலும் அவை திடீரெனப் பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் தேடிய பின்னரே, ஆய்வுகூடத்துப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து நோனைல்பீனோல் என்ற பொருள் கசிந்து ஈஸ்ட்ரஜனின் வேலையைச் செய்திருப்பது தெரிந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள். கருவிலுள்ள சிசுவே இவற்றால் மிகுதியாகப் பாதிக்கப்படும். கருச்சிதைவைத் தடுக்கவென்று தாய்மாருக்குக் கொடுத்த டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஓமோன், பல ஆண்டுகளின் பின் அவர்களுடைய மகள்மாரில் சிலருக்கு யோனியில் அரிய புற்றுநோயாக வெளிப்பட்டதை 1971இல் உலகம் அறிந்தது.

பூப்புப் பருவம் முந்தி வருவதும் உண்மை. கோப்பன்ஹேகனில் பெண் பிள்ளைகளுக்கு மார்பு அரும்பும் சராசரி வயது 1991இல் 10.88 ஆக இருந்தது. 2006இல் அது 9.86 ஆகக் குறைந்திருந்தது. இரசாயனங்கள் மீதான சந்தேகம் இத்தகைய ஆய்வுகளால் வலுத்திருக்கிறது; ஆனால் உடல் எடை கூடுவதற்கும் பூப்பு முந்துவதற்கும் உள்ள தொடர்பு அதைவிட உறுதியாகத் தெரிந்தது. ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லக்கூடியதை ஒரு பிள்ளையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. “உங்கள் மகளுக்கு இன்ன பொருளால் வந்தது” என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் வைத்தியராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

கோழியை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். புரொயிலர் கோழி ஆறு வாரத்தில் வளர்வது இனத்தெரிவாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஓமோன் ஊசி போட்டுப் பிழைக்கக்கூடிய பண்ணையாளர் எங்கும் இல்லை. சிலர் சந்தேகிக்கும் சோயாவையும் வழமைபோலச் சமைத்துக் கொடுக்கலாம்.

பிளாஸ்டிக்கில் கவனம் தேவை. சாப்பாட்டுப் பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் பரவாயில்லை. 3 மென்மையாக்கிகள் கலந்திருக்கக்கூடிய பீ.வீ.சி.; 7 இல் பிஸ்பினோல் ஏ இருக்கலாம். அந்தப் பொருளுக்கு ஈஸ்ட்ரஜன் குணம் இருப்பது 1936லேயே தெரிந்திருந்தும், நாளாந்தம் உடலில் சேரக்கூடிய அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 20,000 மடங்கு குறைத்தது 2023இல்தான். “பிஸ்பினோல் ஏ அற்றது” என்று அச்சிட்டு இரட்டை விலைக்கு விற்பதில் மயங்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரமான பிஸ்பினோல் எஸ் போடப்பட்டிருக்கும். சுடுசோற்றைப் பிளாஸ்டிக்கில் போடாமல், பழைய எவர்சில்வர் பெட்டியில் கட்டிக் கொடுங்கள். லஞ்ச் சீற்றை அரசாங்கம் 2017இல் தடை செய்தது. ஆனாலும் அதில் சுற்றிய சூடான சாப்பாட்டுப் பார்சல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது என்பதை நீங்களும் நானும் அறிவோம்.

இவை எல்லாவற்றிலும் அரிதான ஒரு காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டால் வீட்டிலேயே உடனே நிறுத்தக்கூடியது அது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரு மார்பும் வெளிப்படையாகவே வளர்ந்திருந்தன. சாப்பாடு, நீர், பிளாஸ்டிக் என்று பெற்றோர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பேச்சோடு பேச்சாக, நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த அம்மம்மா நான்கு மாதங்களாக வீட்டில் தங்கியிருக்கிறார் என்றும், பிள்ளை அவருடைய கையைத் தலையணையாக வைத்தே தூங்கும் என்றும் தாய் சொன்னார். மாதவிடாய் நின்ற பின் வரும் உடற்சூட்டுக்காக அம்மம்மா ஒவ்வொரு இரவும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ஜெல்லைப் பூசிவந்தார். அது ஈஸ்ட்ரஜன் ஜெல். பூசிய தோலில் பிள்ளையின் கன்னம் விடியும்வரை பட்டுக்கொண்டிருந்தது. ஜெல்லை மூடியிருக்கும் இடத்துக்கு மாற்றி, கைகளைக் கழுவி, பிள்ளையைத் தனியே படுக்க வைத்த பின், சில மாதங்களில் மார்பு அடங்கிவிட்டது. இதைப் போலவே தோலில் தெளிக்கும் ஈஸ்ட்ரஜன் மருந்தாலும் பிள்ளைகளுக்கு மார்பு வளர்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலேயே எச்சரித்திருக்கிறது. ஆண்கள் பூசும் டெஸ்டொஸ்டரோன் ஜெல்லாலும் பிள்ளைகள் பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே உங்கள் வீட்டில் யார் என்ன பூசுகிறார்கள் என்று கேளுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து உறவினர் அனுப்பிய கிறீம்கள், பெயரே தெரியாத வெண்மைக் கிறீம்கள், கருத்தடை மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பெயரைப் படியுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரி மட்டுமே எழுதியிருந்தாலும், எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். வெங்காயத்துக்குப் பூஞ்சண நோய் வந்தால் எங்கள் விவசாயிகள் பெரும்பாலும் மங்கோசெப் என்ற மஞ்சள் தூளைக் கரைத்து விசிறுகிறார்கள். அது மாறி உருவாகும் பொருள் தைரொயிட் சுரப்பியின் வேலையைக் குழப்பும். ஓமோன் குழப்பம் உட்பட்ட காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மகளின் மார்புக்கு அது காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்து விசிறிய உடுப்போடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கும் தகப்பன், நீங்கள் கிணற்றில் தேடும் பொருளைத் தன் சட்டையிலேயே கொண்டுவருகிறார். கிணற்றடியிலேயே உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் குளித்த பின் வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வெற்றுப் போத்தல்களையும் உரப் பைகளையும் வளவுக்குள் போட்டுக் கொளுத்தாதீர்கள். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும் புகையில் டயொக்சின் உண்டாகும், அது உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் கடையில் தாள் பையில் நிறுத்துக் கொடுக்கும் தூளில் பெயரும் இல்லை, அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தன் கிணற்றில் பீடைகொல்லி எச்சம் இருக்கிறதா என்று அறிய விரும்பும் விவசாயி ஒருவருக்கு, அருகில் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்ல எவராலும் முடியவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் குவளைக்காரர்கள் நுழைகிறார்கள்.

வைத்தியரிடம் போகுமுன் “முழு ஓமோன் பரிசோதனை” என்று இரத்தம் எடுக்க ஆள் பிடிப்பவர்களிடமும் அகப்பட வேண்டாம். எந்த இரத்தச் சோதனை தேவை, எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளையைப் பார்த்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். தேவையற்ற பதினைந்து சோதனைகளின் தாளோடு வந்து, தேவையான ஒன்றை மீண்டும் எடுத்த பெற்றோர் பலர். முதலில் வேண்டியவை இடது கையின் ஓர் எக்ஸ்ரேயும் உயரமும்தான். எலும்பின் வயது உண்மை வயதைவிட முந்தியிருந்தாலோ, ஓராண்டில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்திருந்தாலோ, பூப்பைத் தொடக்கிவைக்க மூளையிலிருந்து வரும் சமிக்ஞை முந்தித் தொடங்கியிருக்கலாம். அதை நிறுத்திவைக்க ஊசி மருந்து இருக்கிறது.

போகும்போது பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும், மேசையில் எடுத்துவைத்த கிறீம்களையும் ஒரு பையில் கொண்டு செல்லுங்கள். உயரம் குறித்த பென்சில் கோடுகள் வீட்டுச் சுவரில் இருந்தால், ஒவ்வொரு கோட்டின் உயரத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு அந்தத் தாள் பெரிய உதவியாக இருக்கும்.