படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து புகைப்படம் பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல், "அடுத்தவர் எடுத்த படத்துக்குக் கருத்துச் சொல்வது எப்படி" என்பதைச் சுற்றியே இருந்ததால் இந்த இதழில் அவை மட்டும்.

கே: பள்ளியில் புகைப்பட மன்றம் நடத்துகிறேன். ஒகேனக்கல் சுற்றுலாவில் பிள்ளைகள் எடுத்த படங்களுக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். "சூப்பர்", "இன்னும் நல்லா எடுக்கலாம்" – இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் வாயில் வரமாட்டேன் என்கிறது.
– ஆசிரியை, பென்னாகரம்

அந்த இரண்டையும் கேட்ட பிள்ளை, அடுத்த படத்தை எடுக்கும்போது என்ன மாற்ற வேண்டும் என்று தெரியாமல்தான் நிற்கும்.

பேசுவதற்கு முன் அரை நிமிடம் படத்தைப் பாருங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நகர்ந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எடுத்தவரிடம் ஒரே கேள்வி: "இதில் எதைக் காட்ட நினைத்தாய்?" பரிசல்காரரின் முகத்தை என்று பிள்ளை சொல்கிறது, உங்கள் கண்ணோ பின்னால் உட்கார்ந்திருந்தவரின் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் போய் நின்றுவிட்டது. இப்போது பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆரம்பித்தால், பிள்ளை எடுக்க நினைக்காத ஒரு படத்துக்கு நீங்கள் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கருத்தில் மூன்று இருக்க வேண்டும்: கண்ணில் பட்டது என்ன, அது ஏன் அப்படி ஆனது, அடுத்த தடவை கை என்ன செய்ய வேண்டும். "முகம் இருட்டாக இருக்கிறது" என்பது முதல் பகுதி மட்டும். முழுசாகச் சொன்னால் இப்படி வரும்: "முகம் கறுத்துப்போயிருக்கிறது. பின்னால் தண்ணீர் வெயிலில் மின்னியதால் போன் அந்த வெளிச்சத்துக்கு அளவெடுத்துக்கொண்டது. அடுத்த தடவை திரையில் முகத்தைத் தொடு. பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே இழு. தண்ணீர் வெளுத்துப் போகும், போகட்டும்." பரிசல்காரரின் தலைக்குப் பின்னால் பாறை விளிம்பு கோடு போட்டாற்போல் ஓடினால், "பின்னணி சரியில்லை" என்று சொல்லி முடிக்காமல், "போனை ஒரு சாண் கீழே இறக்கியிருந்தால் தலை பாறைக்கு மேலே வந்து வானத்தில் தெரிந்திருக்கும்" என்று சொல்லுங்கள். எந்தத் திசையில் எவ்வளவு என்று சொன்னால்தான் அதைச் செய்து பார்க்க முடியும்.

ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். ஏழு குறையும் உங்களுக்குத் தெரிகிறது என்பது வேறு. ஓடுகிற பரிசலில் உட்கார்ந்துகொண்டு மாற்ற முடியாதவற்றை, உச்சிவெயிலையும் கூட்டத்தையும், விட்டுவிடுங்கள். ஒரே பிள்ளையின் பத்துப் படத்தில் திரும்பத் திரும்ப வரும் குறை எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அருவிப் படங்களில் அநேகமாக அது லென்ஸில் விழுந்த சாரல்துளியாக இருக்கும்: படத்தில் மங்கலான வட்டம் வட்டமாகத் தெரியும். மருந்து, பையில் ஒரு காய்ந்த பருத்தித் துணி. இரண்டு படத்துக்கு ஒரு முறை துடைப்பது.

பாராட்டுக்கும் இதே விதிதான். "நல்லா இருக்கு" என்பதைவிட, "துடுப்பு தண்ணீரைத் தொடுவதற்கு முன் அமுக்கினாய், அதனால்தான் அதிலிருந்து சொட்டுகிற நீர் படத்தில் கிடைத்தது" என்றால் அதே வேலையை அவன் மறுபடியும் செய்வான். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று கணக்கு வைத்துப் பேசுவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. மூன்றாவது படத்துக்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

கே: எருது விடும் விழாவில் எடுத்த படங்களைப் பார்த்து எல்லோரும் "ஷேக் ஆகியிருக்கு, டிரைபாட் வாங்கு" என்கிறார்கள். என் கேமராவில் 200 எம்.எம். வரை ஜூம். உண்மையிலேயே கை நடுக்கம்தானா?
– கல்லூரி மாணவர், பர்கூர்

நீங்கள் அனுப்பிய மூன்று படமும் மங்கல்தான், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மங்கலைப் பார்த்ததும் ஷேக் என்று சொல்லிவிடுவதுதான் படக் கருத்துகளில் அதிகம் நடக்கும் தப்பு. தப்பான நோய்க்குச் செலவு பிடித்த மருந்தும் எழுதித் தருகிறார்கள்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அசையாத பொருள் ஒன்றைத் தேடுங்கள். வேலிக் கம்போ மின்கம்பமோ போதும். அசையாத பொருள் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். கம்பம் கூர்மை, எருது மட்டும் இழுபட்டிருக்கிறது என்றால் எருதின் வேகத்துக்கு ஷட்டர் (அது திறந்து மூடும் வேகம்) போதவில்லை. எருதும் மங்கல், ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தின் சட்டைப் பொத்தான் வரை தெளிவு என்றால் ஃபோகஸ் தவறிய இடம் அது. இந்த மூன்றிலும் சேராமல், படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் இருந்து, விளக்குகளிலிருந்து கோடு கோடாக ஒளி ஓடினால் லென்ஸில் விரல்ரேகையும் எண்ணெய்ப்பிசுக்கும் இருக்கும். போனில் எடுத்த படம் என்றால் முதல் சந்தேகமே இதுதான்.

உங்கள் முதல் படம் 1/320 நொடியில் எடுத்தது. கை நடுக்கத்துக்கான பழைய கணக்கு, குவியதூரத்தை (ஜூமின் எம்.எம். எண்ணை) கீழே போட்டு ஒன்றை மேலே போடுவது: 200 எம்.எம். என்றால் 1/200. உங்கள் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் பகுதி) சிறியது, அதனால் 200ஐ 1.5ஆல் பெருக்கினால் 1/300. ஆக, கைக்கு 1/320 போதுமானதுதான். தடுப்புக் கம்பும் கூர்மையாக வந்திருக்கிறது. போதாதது எருதுக்கு. குறுக்கே ஓடும் எருதுக்கு 1/1000, நேரே உங்களை நோக்கி வருவதற்கு 1/500 வைத்துப் பாருங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 800, 1600 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட எருதை எந்த மென்பொருளும் ஒழுங்காக நிமிர்த்தித் தராது. டிரைபாட்டோ, லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசரோ எருதின் ஓட்டத்தை நிறுத்தாது. அவை உங்கள் கையின் அசைவுக்கு மட்டும்.

இரண்டாவது படத்தில் கூட்டம் கூர்மை. ஒற்றை ஃபோகஸுக்குப் பதிலாகத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள்: நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ. எருது அருகில் வருவதற்கு முன்பிருந்தே பொத்தானைப் பாதி அழுத்திப் பின்தொடர வேண்டும். மூன்றாவதில் தான் உங்கள் கை ஆடியிருக்கிறது, அதுவும் பொத்தானை வெடுக்கென்று குத்தியதால். கடைசியாக ஒன்று: தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். வியூஃபைண்டரில் கண் வைத்தவருக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது.

கே: வெள்ளைக் காளை சாம்பலாக வருகிறது. கறுப்பு கிரானைட் கல்லும் சாம்பலாகவே வருகிறது! நண்பர் "கேமரா பழுது" என்கிறார்.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பழுதில்லை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளவு சொல்லும். படச்சட்டம் நிறைய வெள்ளைக் காளை இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், கருங்கல் இருந்தால் கூட்டும். காளைக்கு எக்ஸ்போஷர் ஈட்டை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/– அமைப்பை) +1 வையுங்கள், கல்லுக்கு –1. பிறகு ஹிஸ்டோகிராமை (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தை) பாருங்கள்: காளைப் படத்தில் மேடு வலப்பக்கம் இருக்கலாம், ஆனால் வலது சுவரில் முட்டி நின்றால் ரோமத்தின் விவரம் போய்விட்டது, +0.7க்கு இறங்குங்கள்.

செண்டுமல்லித் தோட்டத்தில் இதுவே வேறு வேஷத்தில் வரும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும். ஆனால் ஆரஞ்சுப் பூவில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து இதழ்க்கோடுகள் காணாமல் போயிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் தெரியும். அப்படிப்பட்ட படத்துக்கு யாராவது "கலர் இன்னும் கூட்டு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

கே: அரூர்ப் பக்கம் வயலில் நிற்கும் நடுகல்லை எடுத்தேன். வீரனின் உருவமே எழும்பவில்லை. "ஃப்ளாட்டா இருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார் குழு நிர்வாகி. என்ன அர்த்தம்?
– அரூர் வாசகர்

அவர் சொன்னது சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். நடுகல்லின் புடைப்பு பல இடங்களில் விரல் தடிமன்கூட இருக்காது. வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து நேராகக் கல்லில் விழுந்தால் புடைப்புக்கு நிழலே கிடையாது. நிழல் இல்லாவிட்டால் உருவம் இல்லை. ஃப்ளாஷ் போட்டதும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து வர வேண்டும். கிழக்கு அல்லது மேற்கு பார்த்த கல் என்றால் சூரியன் ஓரளவு ஏறிய பிறகு, உச்சிக்குச் சற்று முன்னும் பின்னும் வெயில் மேலிருந்து முகத்தை வழித்துக்கொண்டு இறங்கும் அரைமணியைப் பிடிக்கலாம். அழகான படத்துக்கு ஆகாது என்று எல்லோரும் தள்ளிவைக்கிற நேரம் அது. கல்வெட்டு எழுத்துக்கு அதுவே உதவும். அதற்கெல்லாம் காத்திருக்க முடியாதென்றால் பொழுது சாய்ந்த பிறகு கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்பரப்பிலிருந்து 10–15 டிகிரி கோணத்தில், ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் தெரியும்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதையும் கல்லில் பூசக் கூடாது. பூசி எடுத்த படம் யாராவது காட்டினால், வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். பக்கவெளிச்சம் செய்யும் வேலையை நேரில் பார்க்க தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நடுகற்கள் அங்கே நிறைய உண்டு.

கே: கிருஷ்ணகிரி அணையில் எடுத்த படத்தில் "கோடு சாய்ந்திருக்கு" என்கிறார்கள். எடுக்கும்போது போனில் லெவல் சரியாகத்தான் காட்டியது.
– காவேரிப்பட்டணம் வாசகர்

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கடலில் தெரிவது அடிவானம். அணையில் தெரிவது எதிர்க்கரை. கரை உங்களிடமிருந்து சரிந்து விலகிப் போனால், கேமரா நேராக இருந்தும் கோடு சாய்ந்துதான் விழும். அதை நிமிர்த்தப் படத்தைச் சுழற்றினால் மரமெல்லாம் சாயும். தண்ணீரில் பிரதிபலிப்பு இருந்தால் அதைப் பாருங்கள்: கரையில் நிற்கும் மரத்தின் உச்சியும் அதன் பிம்பத்தின் உச்சியும் நேர் செங்குத்தாக ஒன்றின்கீழ் ஒன்று இருந்தால் படம் நேர்.

கே: "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லை" என்பதையே எல்லாப் படத்துக்கும் சொல்லும் நண்பரை என்ன செய்ய?
– பாலக்கோடு வாசகர்

படத்தை நீள அகலத்தில் மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியப் பொருளை வைக்கச் சொல்லும் விதி அது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்க்கிறார். நடுவில் வைத்ததால் இந்தப் படத்தில் என்ன கெட்டது என்று கேளுங்கள். பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் பரிசலை நேர் மேலிருந்து எடுத்தால் வட்டம் நடுவில் இருப்பதே பொருத்தம்.

கே: வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்குக் கருத்துச் சொல்கிறேன். ஷார்ப்னெஸ் பற்றிச் சொன்னால் "ஒரிஜினல் நல்லா இருக்கு" என்று சண்டை.
– ஓசூர் வாசகி

சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கி அழுத்திவிடுகிறது. ஷட்டர், ஐஎஸ்ஓ போன்ற தகவல்களும் உதிர்ந்துவிடுகின்றன. அப்படி வந்த படத்தில் படச்சட்ட அமைப்பு, வெளிச்சம், தருணம் பற்றிப் பேசலாம். கூர்மை, இரைச்சல் பற்றிப் பேசக்கூடாது. அவற்றுக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: அப்படி அனுப்பினால் எடுத்த இடத்தின் அடையாளமும் கூடவே போகலாம். வீட்டுப் பிள்ளைகள் படம், தளி, அஞ்செட்டிக் காட்டுப்பக்கம் எடுத்த யானை, பறவைக்கூடு படங்கள் என்றால் இடத்தகவலை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கே: படத்தை நானே எடிட் செய்து "இப்படி இருந்திருக்கணும்" என்று திருப்பி அனுப்பலாமா? கண்காட்சிக்கு 12×8 அங்குலம் பிரின்ட் போடப்போகிறார்கள்.
– ஸ்டூடியோ உரிமையாளர், ஊத்தங்கரை

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிராப் மட்டும் காட்டுவதென்றால் எடிட்டே வேண்டாம். இரண்டு வெள்ளைத்தாளை 'எல்' வடிவில் வெட்டி, திரையிலோ சிறிய பிரின்டிலோ வைத்து நகர்த்தினால், எங்கே வெட்டுவது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

பிரின்ட் அளவைப் பொறுத்தவரை, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 12×8க்கு 3600×2400 பிக்சல் வேண்டும். 6000×4000 படத்தில் நீள அகலத்தைப் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000×2000. அதாவது 250 டிபிஐ. கண்காட்சியில் ஓரடி தள்ளி நின்று பார்க்க அது போதும். அதற்கும் கீழே போகும் கிராப்பை நீங்கள் சொல்லும்போதே, பிரின்ட் 9×6க்கு மேல் போடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.