பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கும்போது பள்ளிக்குள் எதற்குத் தனியாக ஒரு கிளினிக்?

வடசென்னை வியாசர்பாடியில் வாத்தியாராக இருக்கிறேன். கிளினிக் தேவைதான் என்பேன். ஸ்டான்லி பக்கம்தான், மாநகராட்சி சுகாதார நிலையம் நடக்கிற தூரம்தான். தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. ஓ.பி. பார்க்கும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்று. அம்மா வீட்டு வேலைக்கோ காசிமேட்டுக்கு மீன் வெட்டவோ போகிறவர் என்றால், பிள்ளையின் பல்வலிக்காக ஒரு நாள் கூலியை விட முடியாது. பாரசிட்டமாலிலேயே வாரம் ஓடிவிடும்.

பள்ளிக்கே டாக்டர் வருகிறாரே என்பீர்கள். வருகிறார். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை குழுவாக வந்து பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்க்கிறார்கள். பரிசோதனையைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் அதற்கு அப்புறம்தான். மேல்சிகிச்சைக்கு எழுதித் தந்த சீட்டு புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். "போனியா?" என்று கேட்க ஆள் இல்லை. வகுப்பாசிரியர் கேட்கலாம்தான், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு ஏற்றி முடித்த பிறகு நேரம் இருந்தால்.

நியூயார்க்கிலும் ஒரு காலத்தில் இதே கதை. டாக்டர்கள் பள்ளிக்கு வந்து, தொற்று இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியம் பார்ப்பவர் யாருமில்லை, பிள்ளை தெருவில் விளையாடும். 1902-இல் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்குச் சோதனையாகப் போட்டார்கள். பள்ளியிலேயே மருந்து போட்டார், வராத பிள்ளையின் வீட்டுக்கே போனார். பலன் தெரிந்ததும் மேலும் பல நர்ஸ்களை எடுத்தார்கள்.

அதனால் என்னைக் கேட்டால் முழுநேர டாக்டர்கூட வேண்டாம், தினமும் வரும் ஒரு நர்ஸ் போதும். வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையே பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒருத்தி வாந்தி எடுத்தால் போதும், வகுப்பு மொத்தமும் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிடும். "சாப்பிட்டுட்டுப் போடு, மலம் கறுப்பாப் போனா பயப்படாதே" என்று நர்ஸம்மா சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. அந்த அறையை ஹெச்.எம். அறைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தால், மாதவிடாய்த் தொந்தரவோடு ஒரு பெண்ணும் வரமாட்டாள்.