ஓதம் ஏறிய பூர்வீக வீடு: இடிப்பதா, சீரமைப்பதா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா 1940களில் கட்டிய வீடு. 22 அடி அகலம், 110 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய சுவர். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், ரெண்டாங்கட்டு, கொல்லை என்று பழைய அமைப்பு. முன்பகுதி தேக்கு விட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ். முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. சுவரெல்லாம் ஓதம் (ஈரம்) ஏறிப் பூச்சு உதிர்கிறது. பத்து வருடத்துக்கு முன் சிமென்ட் பூசி, கூடத்தில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். இப்போது டைல்ஸுக்கு மேலேயும் ஓதம் தெரிகிறது. மழை பெய்தால் முன் அறை ஒழுகுகிறது. அம்மாவுக்கு 76 வயது. கழிப்பறை கொல்லையில் இருப்பதால் இரவில் சிரமப்படுகிறார். பார்க்க வந்த பொறியாளர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார். முற்றத்தை மூடினால் இடம் கிடைக்கும் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது இடிக்க வேண்டிய வீடாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் கோளாறுகளில் கழிப்பறையைத் தவிர மற்ற எல்லாமே தண்ணீரால் வருபவை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியேற முடியாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. அதைச் செய்யாமல் டைல்ஸ், பெயின்ட், ஃபால்ஸ் சீலிங் என்று ஆரம்பிப்பதால்தான் பழைய வீட்டுக்குச் செலவழிக்கும் பணம் வீணாகிறது.

இடிப்பதைப் பற்றி முதலில் பேசிவிடலாம். உங்களுடையது ஒட்டுச்சுவர் வீடு. உங்கள் விட்டங்கள் உட்கார்ந்திருக்கும் அதே சுவரில்தான் பக்கத்து வீட்டு விட்டங்களும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கத்து அணைப்பை எடுத்தால் அவர்கள் வீட்டில் விரிசல் விழும், வழக்கும் வரலாம். இன்னொன்று, 22 அடி மனையில் புதிதாகக் கட்டும்போது பக்கவாட்டில் இடம் விடச் சொன்னால் உங்களுக்கு மிஞ்சும் அகலம் மிகக் குறைவு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, தொடர் கட்டடப் பகுதி (வீடுகள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் பகுதி) என்று அறிவிக்கப்பட்ட தெருக்களுக்குப் பக்க இடைவெளியில் விலக்கு உண்டு. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்காமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள்.

இடித்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளி நிற்பது, அடித்தளம் ஒரு மூலையில் உட்கார்ந்து சாய்வான விரிசல் வருடா வருடம் அகலமாவது, மண் சாந்தில் கட்டிய சுவரின் அடிப்பகுதி கரைந்துபோவது எல்லாம் அந்த வகை. உங்களுக்குச் சந்தேகமாக இருக்கும் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். டெல்டாவின் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்த விரிசல் ஆடி ஓய்ந்தது, அடைத்துவிட்டுப் போகலாம்.

இனி ஓதம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இந்தச் சுவருக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு, வெளியேற்றும் குணமும் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிவிடும். அதனால்தான் தாத்தா காலத்தில் சுவர் அடியில் கொஞ்சம் நிறம் மங்கியதோடு நின்றது. அதன்மேல் சிமென்ட் பூசியதும் ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. தண்ணீரோடு வரும் உப்பு சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடுகிறது. அதற்கும் மேலே நாலடி டைல்ஸ் ஒட்டினால், ஈரம் அந்த நாலடியையும் தாண்டித்தான் வெளியே வரும். நீங்கள் இப்போது பார்ப்பது அதுதான். 'வாட்டர் ப்ரூஃப்' பெயின்ட் அடித்தாலும் இதே கதை. கடைக்காரர் எந்தப் பிராண்டைக் கொடுத்தாலும் ஈரமான பழைய சுவரில் அதை அடிக்காதீர்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஒரே மட்டத்தில் பட்டையாக இருந்தால் நிலத்து ஈரம். மேலிருந்து கீழே வழிந்த தடம் இருந்தால் கூரை. ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக இருந்தால் குழாய். அங்கே வால்வை மூடி ஒரு வாரம் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறைக் காற்றின் ஈரம்; காற்றோட்டம் போதவில்லை.

வைத்தியத்தை மாசி, பங்குனியில் ஆரம்பியுங்கள். டைல்ஸையும் சிமென்ட் பூச்சையும் ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இணைப்புகளில் உதிரும் சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். சுவரில் பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்தான் போகும். அப்புறம் சுவரைத் திறந்தபடியே குறைந்தது கோடை முழுக்கக் காயவிடுங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் சுவர் பதின்மூன்றரை அங்குலம் இருக்கலாம். இரண்டு பக்கமும் திறந்த சுவர் ஓரளவு சீக்கிரம் காயும். ஒட்டுச்சுவர் ஒரு பக்கமாகத்தான் காயும். கண்ணுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்தக் காத்திருப்பைக் குறைத்தவர்கள் எல்லோரும் இரண்டாவது முறை பூசியிருக்கிறார்கள்.

மறுபூச்சு சுண்ணாம்பில்தான். ஒரு பங்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரில் குழைப்பது நம் ஊர் வழக்கம். பாக்கெட்டில் வரும் வெள்ளையடிக்கும் தூள் இதற்கு உதவாது. கொத்தனார், 'கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் சார்' என்பார். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. காரைக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை வரவழைத்து ஒரு சுவரைச் செய்யச் சொன்னால், உள்ளூர் ஆட்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். மேலே சுண்ணாம்பு அடிப்பதோடு நிறுத்துங்கள், எமல்ஷன் கூடாது.

தரையையும் பாருங்கள். தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டால் தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும். அம்மா வழுக்கி விழும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். பழைய தரை நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டதா என்று எழுதவில்லை. ரோடு மேல் ரோடு போட்டு வீடுகள் பள்ளமாகிப்போன தெருக்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அடுத்த முறை ரோடு போட வரும்போது தெருக்காரர்கள் சேர்ந்து அதைச் சொல்லிக் கேளுங்கள். தரையை மண் கொட்டி உயர்த்துவது கடைசி வழி. அப்படிச் செய்தால் சுவரின் அடிப்பகுதி புதைந்து ஓதம் கூடும். அதைவிட, வாசலிலும் கொல்லையிலும் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, துளையிட்ட குழாய் பதித்து ஜல்லி நிரப்பி, தண்ணீரைத் தள்ளி விடுவது நல்லது. பள்ளம் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்தது முன் அறையின் மேல்தளம். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கிய வரிசை, அதன்மேல் அடித்து இறுக்கிய செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. ஒழுகினால் மேலே நாலு அங்குலக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். 200 சதுர அடி அறைக்கு அது நாலரை டன் கூடுதல் பாரம். 80 வருட விட்டத்தின்மேல் அதை ஏற்றாதீர்கள்.

ஒழுகும் இடம் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அல்லது அடைத்துப்போன தூம்புவாய் (மழைத்தண்ணீர் வெளியேறும் துளை). அங்கே முளைத்த அரசங்கன்றை வெட்டி விட்டால் போதாது. வேர் போன வழியெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். மற்ற இடங்களில் தட்டோட்டைப் பெயர்த்து, தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் ஜல்லியை மட்டும் மாற்றி, வாட்டம் பார்த்து மறுபடி ஓடு பதியுங்கள். உள்ளே ஒவ்வொரு விட்டத்தையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் முதலில் மக்குவது அங்கேதான். கால் அங்குலத்துக்குமேல் சுலபமாக இறங்கினால் அந்த விட்டத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து, பக்கத்தில் இரும்பு ஐ-செக்‌ஷன் சேர்க்கலாம். இரண்டு மூன்று விட்டம் கெட்டதற்காகத் தளத்தையே பிரிக்க வேண்டியதில்லை. முட்டு எங்கே, எத்தனை என்பதை மட்டும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

நாட்டு ஓட்டுக்கு நான் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசிக்கு முன் பிரித்து அடுக்கி, உடைந்த ஓட்டையும் ஓட்டைத் தாங்கும் வரிச்சில் (மெல்லிய மரச்சட்டம்) இற்றுப்போனதையும் மாற்றினால் போதும்.

முற்றத்துக்கு வருவோம். தம்பியிடம் சொல்லுங்கள், அதை முழுதாக மூடக் கூடாது. இரு பக்கமும் சன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வர அது ஒன்றுதான் வழி. சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் வெளியேறுகிறது. பாலிகார்பனேட் ஷீட்டை ஓட்டோடு ஒட்டிப் போட்டால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. குரங்கும் திருடரும் பயம் என்றால் கம்பிக் கிராதி போதும். மழைச்சாரல்தான் தொந்தரவு என்றால், ஓட்டு மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்திக் கூரை போட்டு, நாலு பக்கமும் வலை மட்டும் அடியுங்கள்.

திறந்த முற்றமாகவே வைத்திருந்தால் வடிகாலைக் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். 400 சதுர அடிக் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 3,700 லிட்டர். நாலு அங்குலக் குழாய் இதைத் தாங்கும், ஆனால் ஓர் இலை அடைத்தால் தண்ணீர் கூடத்துக்குள் வரும். அதனால் சற்று உயரத்தில் இன்னொரு குழாய் கட்டாயம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. கொல்லையில் கிணறு இருந்தால், வடிகட்டித் தொட்டி ஒன்று கட்டி இந்தத் தண்ணீரை அதில் விடுங்கள்.

அம்மாவின் கழிப்பறை இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே ஆரம்பித்துவிடலாம். அவரை ரெண்டாங்கட்டு அறைக்கு மாற்றி, அதன் பின்சுவரை ஒட்டிக் கொல்லைப் பக்கம் எட்டுக்கு ஐந்தடியில் புதிதாகக் கட்டுங்கள். பழைய அறைக்குள் தடுத்துக் கட்டினால் உள்சுவர்களில் மறுபடி ஈரம் சேரும். புதுக் கட்டுமானத்துக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். பழைய சுவரோடு கட்டுக்கோப்புப் போடாமல் ஓர் அங்குல இடைவெளி விட்டு, வளைந்துகொடுக்கும் பொருளால் நிரப்பி மேலே தகடு மூடுங்கள். களிமண்ணில் புதுச் சுவர் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும், அது பழையதையும் சேர்த்து இழுக்கக் கூடாது. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. தரையில் படி வேண்டாம், வாட்டம் போதும். நாலு அங்குலக் கழிவுக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவு. கைப்பிடிக் கம்பியைப் புதுச் செங்கல் சுவரில் பொருத்துங்கள். சுண்ணாம்புப் பூச்சில் திருகினால் பிடிக்காது. பழைய வீடுகளில் உள்வாசல் ஒவ்வொன்றிலும் தடுக்கிவிடும் உயரத்தில் நிலைப்படி இருக்கும். தலைவாசல் படியை விட்டுவிடலாம், கோலமும் மஞ்சளும் உள்ள படி அது. அம்மா படுக்கும் அறையிலிருந்து கழிப்பறை வரை உள்ள படிகளுக்கு இருபுறமும் மரச் சரிவு செய்து போடுங்கள்.

வயரிங் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். சுவரை வெட்டாமல் குழாயை மேலோடவே ஓட்டுங்கள். எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

இடிப்பதா காப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடினால், எல்லோரும் ஒருமுறை புதுச்சேரியின் வைசியாள் வீதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுடையதைப் போன்ற திண்ணை வீடுகளைச் சீர்செய்த அந்தத் தெருவுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். விட்டமும் சுவரும் சேரும் இடங்களை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. இந்த வேலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசாதீர்கள். பூச்சைக் கொத்தும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை பேசுங்கள், சுண்ணாம்பு வேலைக்கு நாள் கூலி கொடுங்கள், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கைவசம் ஒதுக்கி வையுங்கள். கழற்றும் தேக்கும் கதவு நிலைகளும் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். 'மரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், இடிக்கும் கூலி வேண்டாம்' என்று யாராவது வந்தால், முதலில் அந்தத் தேக்குக்கு மரக்கடையில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.