மடிப்பாக்கம் பூங்கா இடம்: நிதிக்கு முன்னால் பத்திரத்தைப் பாருங்கள்

மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடம் குப்பைமேடாகக் கிடக்கிறது, கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ நிதியை விட, அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது திறந்தவெளி ஒதுக்கீட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை இப்படிக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் பத்திரம் பதிவானாலும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும். மடிப்பாக்கம் 2011-இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்திரம் ஊராட்சி பெயரில் இருக்கும். சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்; அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்கள் அதில் தெரியும். வரைபட நகலைச் சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

பத்திரம் சரி என்றால் பெருங்குடி மண்டல அலுவலகத்தில் நகலோடு மனு கொடுத்து, முதலில் வேலியும் பெயர்ப்பலகையும் கேளுங்கள். நடைபாதை, ஊஞ்சல் எல்லாம் அப்புறம். பணத்துக்குக் கவுன்சிலரிடம் வார்டு நிதியிலிருந்தும், எம்எல்ஏவிடம் தொகுதி நிதியிலிருந்தும் கேட்கலாம். நமக்கு நாமே திட்டமும் உண்டு; மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் பெயரிலேயே மனு போகட்டும்.

பத்திரமே பதிவாகவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், அது வேறு விஷயம்.