விண்ட்ரஷ் இழப்பீடு: கேள்வி பதில்

விண்ட்ரஷ் என்பது 1948இல் கரீபியர்களை பிரிட்டனுக்கு ஏற்றி வந்த கப்பல்; அந்தத் தலைமுறைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1973 ஜனவரி 1க்கு முன் பிரிட்டனில் குடியேறிய ஜமைக்கா, பார்படோஸ் உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கேயே வாழும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. கையில் காகிதம் கொடுக்கவில்லை. 2012 முதல் வேலை, வாடகை, வங்கி, மருத்துவம் என எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதத்தைக் கேட்கும் கொள்கை வந்தது. பலர் வேலை இழந்தார்கள், அடைக்கப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது.

சரவணன்: அக்கா, பக்கத்து வீட்டு ஜமைக்கா அம்மா 1966இல் சிறுமியாக, பெற்றோர் பாஸ்போர்ட்டில் வந்தவர். அவர் பெயரில் எதுவும் இல்லை. எங்கே தொடங்க?

குடியுரிமை ஆவணம் வேறு, இழப்பீடு வேறு. இரண்டு மனுக்களுக்கும் கட்டணம் கிடையாது. ஆவணத்தை முதலில் வாங்குங்கள்.

வரித்துறையிடம் நேஷனல் இன்சூரன்ஸ் (வேலை செய்பவர்கள் கட்டும் அரசுக் காப்பீட்டுச் சந்தா) பதிவைக் கேளுங்கள்; எந்தெந்த ஆண்டு சந்தா கட்டினார் என்பது அதில் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அடுத்தது. பள்ளி மூடப்பட்டிருந்தால் உள்ளூராட்சி ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) வைத்திருக்கும் மருத்துவப் பதிவு, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தேவாலயப் பதிவு, தொழிற்சங்க அட்டை எல்லாம் உதவும். உள்துறை அவரைப் பற்றி வைத்திருக்கும் கோப்பின் நகலையும் உடனே கேளுங்கள். அதற்கும் கட்டணமில்லை, ஒரு மாதத்தில் தர வேண்டும். முன்பு ஏன் மறுத்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பிறகு ஒரு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, முகவரி, வேலை, சான்று. இடைவெளி விழும் ஆண்டுகளுக்கு, அப்போது அவரை அறிந்தவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். 'நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்ற அளவு நிரூபணம் போதும்.

இழப்பீட்டு மனுவில் பலர் சறுக்குவது 'வாழ்க்கைப் பாதிப்பு' பகுதியில். இந்தத் தொகை 10,000 பவுண்டில் தொடங்கி 1,00,000க்கு மேலும் போகும். 'மிகவும் கஷ்டப்பட்டேன்' என்று ஒரு வரி எழுதினால் கீழ்ப்படியில் நிறுத்திவிடுவார்கள். எந்தத் தேதியில் வேலை போனது, எத்தனை மாதம் வருமானமில்லை, வீடு போனதா, ஊரில் தாயின் இறுதிச்சடங்குக்குப் போக முடியாமல் போனதா, மருத்துவர் மனச்சோர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதுங்கள். பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, பி60 (ஆண்டுச் சம்பளம், வரி காட்டும் சான்று) இணையுங்கள். மூலச் சான்றை நகல் எடுக்காமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

மேரி: ஒருவர் கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்கிறார்.

வேண்டாம். மனு இலவசம். பதிவு பெறாத ஒருவர் குடியேற்ற ஆலோசனை தருவது குற்றம்.

குமரேசன்: இத்தனை வருஷம் பாஸ்போர்ட் எடுக்காதது அவர்கள் தப்புதானே?

இல்லை. 1948 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் பிரிட்டனின் குடிமக்களாகவே வந்தார்கள். தீவுகள் விடுதலை பெற்றபோது அந்தக் குடியுரிமை மாறியது. வாழும் உரிமை மாறவில்லை. குடியுரிமைக்குப் பதிவு செய்ய 1987 டிசம்பர் வரை அவகாசம் இருந்தது. பதிவு செய்யாவிட்டாலும் இருக்கும் உரிமை போகாது என்று அரசே அப்போது சொன்னது. அதை நம்பியது எப்படித் தப்பாகும்?

குமரேசன்: சரி, வேறு ஆதாரமாவது வைத்திருக்கலாமே?

அவர்கள் வந்திறங்கியபோது நிரப்பிய லேண்டிங் கார்டுகளை 2010இல் அழித்தது உள்துறை. நாற்பது வருடச் சந்தாப் பதிவு அரசின் இன்னொரு துறையிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் முதியவர்களிடம் ஆண்டுவாரியாகச் சான்று கேட்டார்கள். இது முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய, தவிர்த்திருக்கக்கூடிய கேடு என்று இந்த விவகாரத்தைச் சுயேச்சையாக ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸின் அறிக்கை 2020இல் சொன்னது.

நிர்மலா: கெடுத்த துறையே இழப்பீட்டையும் முடிவு செய்வதா?

போராட்டத்தின் மையமே இதுதான். திட்டத்தைச் சுயேச்சையான அமைப்பிடம் கொடுங்கள் என்று 2021 நவம்பரில் நாடாளுமன்ற உள்விவகாரக் குழுவும் சொன்னது, அரசு ஏற்கவில்லை. இந்த மனுக்களுக்கு வழக்கமான சட்ட உதவி நிதியும் (வழக்கறிஞர் செலவுக்கு அரசு தரும் பணம்) கிடையாது. எம்.பி.க்கு எழுதும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு மட்டும் எழுதுங்கள், அஞ்சல் குறியீடு கட்டாயம்; அது இல்லாத கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. நாடாளுமன்ற இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள்.

ரவி: என்னென்ன பேப்பர் வேணும்?

சரவணனுக்குச் சொன்ன பதிலை முழுவதும் படியுங்கள்.

தர்ஷினி: மாமா 1970இல் இலங்கையிலிருந்து லண்டன் வந்தவர். இது கரீபியர்களுக்கு மட்டுமா?

இல்லை. அவருக்கும் பொருந்தும். 1988 முடிவதற்குள் வந்து முறையாகக் குடியேறிய எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இறந்தவர் சார்பில் அவரது சொத்தை நிர்வகிப்பவரும் கேட்கலாம்.

அருண்: அமெரிக்க விசா...

அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஜெயந்தி: தொகை குறைவாக வந்தால்?

முதலில் உள்துறைக்குள்ளேயே மறுஆய்வு, பிறகு வெளியிலுள்ள அட்ஜுடிகேட்டர் அலுவலகம் (புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பு). முடிவுக் கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவை அன்றே காலண்டரில் குறியுங்கள்.

ரவி: ஒரிஜினலை அனுப்பட்டுமா?

முதலில் நகல் எடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.